பட்டியில் விழும் ஊசித்துளைகள்

திருப்பூரின் ராயபுரம் போன்ற பகுதிகளில் துணிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் ஓடும் சிறு வேன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பேக்டிங்குக்கு, பிறகு கட்டிங்குக்கு என்று அவற்றுக்கு ஓய்வே கிடையாது. சந்துகளில் சுவரோடு உரசியும் ஒன்றோடொன்று இடித்தும் அவற்றின் கதவுகள் ஒடுங்கிப் போகும். பிறகு டிங்கரிங் பட்டறையில் விட்டுத் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பார்கள். வேன் கல்யாண மாப்பிள்ளை போல் வெளியே வரும்.

இரண்டு மாதம் கழித்து அதே வேனை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். கதவில் அம்மைத் தழும்பு போல் சின்னஞ்சிறு குழிகள் தெரியலாம். பட்டி போட்ட இடத்தின் எல்லை, வரைபடத்தில் வரைந்த மாவட்ட எல்லை போலப் பெயின்டுக்கு மேலே தெரியலாம். ஒரு மழைக்காலம் கழிந்திருந்தால் கொப்புளங்களும் கிளம்பியிருக்கலாம். பெயின்ட் சரியில்லை என்பார் பட்டறைக்காரர். பட்டி சரியில்லை என்பார் பெயின்ட் கடைக்காரர். பணம் கொடுத்தவர் இருவருக்கும் நடுவே நிற்பார். இந்த வழக்கில் இயற்பியலைச் சாட்சிக்கு அழைத்தால் என்ன? வேதியியலும் கொஞ்சம் கூட வரட்டும்.

பட்டி என்பது என்ன?

இரும்புத் தகடு இலேசாக வளைந்தால் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். மீட்சி எல்லையைத் தாண்டி வளைந்தால் வராது. அந்த இடத்தில் உலோகம் நீண்டு, மெலிந்து போயிருக்கும். கைதேர்ந்த டிங்கர், தகட்டின் பின்புறம் டாலி எனப்படும் இரும்புக் கட்டியை வைத்து, முன்புறம் சுத்தியால் தட்டித் தட்டி முக்கால்வாசி ஒடுக்கை எடுத்துவிடுவார். பித்தளைக் குடத்தின் ஒடுக்கை எடுப்பவர் செய்வதும் இதே வேலைதான். ஆனால் நீண்டுவிட்ட உலோகம் சுருங்கி முழுச் சமதளம் ஆவது அரிது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேடு பள்ளம் மிஞ்சும். அதை நிரப்பும் பசைதான் பட்டி. ‘புட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் ஊரில் பட்டி ஆயிற்று.

பிளாஸ்டிக் பட்டி வருவதற்கு முன்பு, வெளிநாட்டுக் கார்த் தொழிற்சாலைகளில் இந்தப் பள்ளங்களை ஈயத்தால் நிரப்பினார்கள். ஏறத்தாழ 30 பங்கு வெள்ளீயமும் 70 பங்கு காரீயமும் கொண்ட அந்த உலோகக் கலவை 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். முழுத் திரவமாக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலைகளில் வெண்ணெய் போல் இருக்கும். அப்போது மரத் துடுப்பால் தடவி உருக்கொடுப்பார்கள். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகத்துக்குப் போனால், பழைய கார்களின் வளைந்த மட்கார்டுகளைச் சற்று நின்று பாருங்கள். அத்தகைய வளைவுகளைப் பழுது பார்ப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பது புரியும். காரீயம் நஞ்சு என்பதாலும், வேலை மெதுவாக நடக்கும் என்பதாலும் அந்த முறை அருகிவிட்டது.

இன்றைய பட்டி இரண்டு பொருள்களாக வருகிறது. டப்பாவில் இருப்பது நிறைவுறாத பாலியெஸ்டர் ரெசின். அது ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கும். கெட்டிப்படுத்த மாக்கல் பொடி, அதாவது முகப்பவுடரில் உள்ள டால்க், நிறையக் கலந்திருக்கும். சிறு டியூபில் இருப்பது ஹார்டனர். அதன் உயிர்ப்பொருள் பென்சாயில் பெராக்சைடு. முகப்பருவுக்குத் தடவும் சில களிம்புகளிலும் இதே பொருள்தான் இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? பெராக்சைடு மூலக்கூறு எளிதில் இரண்டாக உடையும். உடைந்த துண்டுகள், அதாவது தனி உறுப்புகள், ரெசின் சங்கிலிகளையும் ஸ்டைரீனையும் தட்டி எழுப்புகின்றன. ஸ்டைரீன் மூலக்கூறுகள் ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடுகின்றன. சில நிமிடங்களில் பசை முழுவதும் ஒரே வலையாகப் பின்னப்பட்டு இறுகிவிடுகிறது. பின்னலாடை ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இந்தப் பின்னலைப் பிரிக்க முடியாது. இறுகிய பட்டியைச் சூடாக்கினாலும் அது மறுபடி பசையாகாது.

எடைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் ஹார்டனர் போதும். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம்! பட்டறைகளில் தராசு வைத்து நிறுப்பவர்கள் குறைவு; கண் அளவுதான். அந்தக் கண் அளவில்தான் பாதிக் குறைகள் பிறக்கின்றன. ஹார்டனர் குறைந்தால் பின்னல் முழுமை பெறாது. பட்டி உள்ளே ரப்பர் போலப் பிசுபிசுக்கும். மிகுந்தால் வினையில் சேராத பெராக்சைடு மிஞ்சி, பின்னாளில் வெளிர்நிறப் பெயின்டில் பழுப்புக் கறையாகக் கசியலாம். ஹார்டனருக்குச் சிவப்பு நிறம் ஊட்டியிருப்பது அழகுக்காக அன்று. கலவை எங்கும் ஒரே நிறமாக வரும்வரை குழைக்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம். கோடு கோடாகச் சிவப்புத் தெரிந்தால், ஒரு கோட்டில் ஹார்டனர் அதிகம், பக்கத்தில் இல்லவே இல்லை என்று பொருள்.

குமிழி ஏன் வெளியேறவில்லை?

இனி ஊசித்துளைக்கு வருவோம். ஊசித்துளை என்பது பட்டிக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழி. அதை உள்ளே நுழைப்பவர் யார்? குழைப்பவரேதான். மோர் கடைவது போலப் பட்டியைச் சுழற்றிக் கலக்கினால் காற்றும் உள்ளே போகும்.

“குமிழி இலேசானது, தானே மேலே வந்து உடைந்துவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாகுநிலை மிகுந்த திரவத்தில் எழும் சிறு குமிழியின் வேகம், ஸ்டோக்ஸ் விதிப்படி, அதன் ஆரத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் திரவத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். அரை மி.மீ. விட்டமுள்ள குமிழியை எடுத்துக்கொள்வோம். பட்டியின் பாகுநிலை நீரைப் போல் 2 லட்சம் மடங்கு என்றும், அடர்த்தி நீரைப் போல் ஒன்றரை மடங்கு என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். விடை, நொடிக்கு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! நான்கு நிமிடம் அவகாசம் கொடுத்தாலும் கால் மி.மீ. தூரம்கூட அது நகராது. அதற்குள் பட்டி இறுகத் தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேனின் கதவு செங்குத்தாக நிற்கிறது. குமிழி மேல் நோக்கித்தான் போகும். வெளி நோக்கிப் போகாது. கதவில் ‘மேலே’ வேறு, ‘வெளியே’ வேறு. ஆகவே எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பெரும்பாலான குமிழிகள் பட்டிக்குள்ளேயேதான் கிடக்கும். நாம்தான் அவற்றை வெளியேற்ற வேண்டும்.

இதனால்தான் அனுபவசாலிகள் பட்டியைக் கிண்டுவதில்லை. தட்டையான பலகையில் போட்டு, தகட்டுக் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்த்து மடிப்பார்கள். அழுத்தித் தேய்க்கும்போது பட்டி மெல்லிய படலமாக விரிகிறது. குமிழி எங்கே இருந்தாலும் மேற்பரப்பு அதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது, உடைந்து போகிறது. வண்டியில் தடவும்போதும் அப்படியே. முதல் பூச்சு மெல்லியதாக, தகட்டோடு இறுகப் பதியும்படி அழுத்தித் தடவ வேண்டும். அந்தப் பூச்சு உப்புத்தாள் கீறிய தழும்புகளுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிடுகிறது. அதன் மேல் அடுத்த பூச்சு. ஒரே அப்பாகக் களிமண் போல் அப்பிவிட்டால் காற்றையும் சேர்த்துச் சுவர் எழுப்பியது போல்தான்.

வெயிலின் பங்கும் இதில் உண்டு. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று படித்திருப்பீர்கள். 25 டிகிரியில் 4 நிமிடம் குழைவாக இருக்கும் பட்டி, 35 டிகிரியில் ஏறக்குறைய 2 நிமிடம்தான் தாங்கும். போதாததற்கு இது வெப்பம் உமிழும் வினை. டப்பா மூடியில் குவியலாகக் கலந்து வைத்தால் அதன் சூடே அதை மேலும் விரைவுபடுத்தும். சித்திரை வெயிலில் காய்ந்த கதவின்மேல் தடவினால், பாதி இறுகிய பட்டி கரண்டியோடு இழுபட்டுக் கிழியும். கிழிந்த இடமெல்லாம் துளைகள். காலையில் நிழலில் வேலை செய்யும் டிங்கரைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள்.

துளையை மூடினால் போதுமா?

உப்புத்தாளால் தேய்க்கும் வரை குமிழிகள் மறைந்திருக்கும். தேய்க்கும்போது அவற்றின் கூரை வெட்டுப்பட்டு வாய் திறக்கும். அப்போதுதான் துளைகள் கண்ணில் படும். பலர் செய்வது என்ன? மேலே தடிமனாகப் பிரைமர் அடித்து மூடிவிடுவார்கள். பரப்பு இழுவிசை காரணமாகப் பிரைமர் அந்தச் சிறு வாயின் குறுக்கே படலமாக நின்றுவிடும், உள்ளே போகாது. உள்ளே காற்று சிறைப்பட்டுக் கிடக்கும். காலையில் 25 டிகிரியில் அடைபட்ட காற்று, நண்பகல் வெயிலில் தகடு 65 டிகிரிக்குச் சூடானால் என்ன ஆகும்? கெல்வின் அளவில் 298 என்பது 338 ஆகிறது. கன அளவு மாறாவிட்டால் அழுத்தம் 13 விழுக்காடு கூடும். பெயின்டில் உள்ள கரைப்பானின் ஆவியும் சேர்ந்து தள்ளும். இளகிய படலம் புடைத்து உடைந்து குழியாகும். இரண்டு மாதத்தில் தெரிந்த அம்மைத் தழும்பு இதுதான்.

சரியான முறை எளியது, பொறுமைதான் வேண்டும். துளையின் வாயைக் கத்தி முனையால் சற்று அகலப்படுத்தி, புனல் போல் ஆக்க வேண்டும். தூசியை ஊதி வெளியேற்ற வேண்டும். பிறகு மென்மையான இரண்டு பாகப் பட்டியைக் கரண்டியின் விளிம்பால் சாய்வாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அழுத்தி இழுக்க வேண்டும். புனலின் சரிவில் பட்டி இறங்க இறங்க, காற்று மறுபக்கம் வெளியேறும். நேர் மேலிருந்து அப்பினால் காற்றுக்கு வழியே இல்லை. புட்டியில் எண்ணெய் ஊற்றும்போது புனல் வாயோடு ஒட்டிக்கொண்டால் எண்ணெய் இறங்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

டியூபில் வரும் என்.சி. பட்டியைத் தடவிவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் அது பின்னலால் இறுகுவதில்லை. கரைப்பான் ஆவியாகிக் காய்வது. முதலில் மேல்தோல் காயும். உள்ளே மெல்லமெல்லக் காய்ந்து சுருங்கும். ஆழமான துளையில் அதை நிரப்பினால் இன்று சமமாக இருக்கும். பெயின்ட் அடித்து ஒரு மாதம் கழித்துக் குழியும். தலைமயிர் அளவுக் கீறலுக்கு அது ஏற்றது. அதற்கு மேல் வேண்டாம்.

தேய்ப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. உப்புத்தாளின் எண் கூடக் கூட அதன் துகள் சிறியதாகும். 80 எண் தாளின் துகள் ஏறத்தாழ 200 மைக்ரான். 320 எண் தாளின் துகள் ஏறத்தாழ 46 மைக்ரான். வண்டியின் பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே 100 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். 80 எண் தாளால் தேய்த்த கையோடு பெயின்ட் அடித்தால் அந்த உழவுச்சால்களைப் பெயின்ட் எப்படி மறைக்கும்? 80, 180, 320 என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். முகத்தைத் துணியால் கட்டிக்கொள்வது மட்டும் இந்தத் தூசிக்குப் போதாது. பொருத்தமான முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் இந்த வேலையில் வருடக்கணக்கில் நிற்பவர்களை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

பளபளப்பு காட்டிக் கொடுக்கும்

பட்டி போட்ட பரப்பு மங்கலாக இருக்கும்போது சமமாகத் தோன்றும். பெயின்ட் அடித்துப் பளபளப்பு வந்ததும் அலை அலையாகத் தெரியும். ஏன்? மங்கலான பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. பளபளப்பான பரப்போ ஆடி போல் எதிரொளிக்கிறது. ஆடி ஒரு கோணம் சாய்ந்தால் எதிரொளித்த கதிர் இரு மடங்கு கோணம் திரும்பும் என்பது உங்கள் பாடத்தில் உள்ளதுதான். 20 செ.மீ. அகலத்தில் அரை மி.மீ. ஆழமுள்ள ஓர் அலைப் பள்ளத்தில் அதிகபட்சச் சரிவு ஏறத்தாழ 0.45 டிகிரி. எதிரொளித்த கதிர் 0.9 டிகிரி திரும்பும். 3 மீட்டர் தூரத்தில் உள்ள டியூப் லைட்டின் பிம்பம் அதனால் கிட்டத்தட்ட 5 செ.மீ. விலகித் தோன்றும். அரை மில்லிமீட்டர் தவறு ஐந்து சென்டிமீட்டர் ஆகிவிட்டது!

எனவே பெயின்டுக்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்புப் பொடியை இலேசாகத் தூவி, நீளமான தட்டைக் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால் மேடுகள் வெளுக்கும். பள்ளங்களில் கறுப்பு தங்கும். கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் விரலும் பள்ளத்துக்குள் இறங்கிப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். வேறொரு முறையும் உண்டு. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் தடவிப் பார்ப்பது. துணி உராய்வைக் குறைத்துவிடுவதால் சொரசொரப்பு மறைந்து, மேடு பள்ளம் மட்டும் கைக்குத் தெரியும்.

உப்பு நீரும் கொப்புளமும்

பட்டி நுண்துளைகள் நிறைந்தது; நீரை உறிஞ்சும். ஆகவே வெறும் பட்டியை நீர் ஊற்றித் தேய்ப்பது நல்லதன்று. உலர் தேய்ப்பே சிறந்தது. நம் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாயமிடுவதற்கு உப்பு ஏராளமாக வேண்டும். அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலிலும் நிலத்தடியிலும் சேர்ந்து, பல கிணறுகளின் நீரை உப்பாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய உப்பு நீரால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் பெயின்ட் அடித்தால், பெயின்டுக்கு அடியில் உப்புத் துகள்கள் தங்கிவிடும். பெயின்ட் படலம் நீராவியையும் நீரையும் சிறிது சிறிதாக ஊடுருவவிடும், உப்பை விடாது. உலர்திராட்சையை நீரில் போட்டால் உப்புவது எப்படியோ, அப்படியே சவ்வூடு பரவலால் மழைநீர் உள்ளே புகுந்து கொப்புளம் எழும். வியர்வை பட்ட கைரேகையின் வடிவிலேயே கொப்புளம் வருவதும் உண்டு. இதற்குப் பட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எவ்வளவு தடிமன்?

எஃகின் வெப்ப விரிவெண் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு. பட்டியினுடையது அதைப்போல் பல மடங்கு. அதை 40 என்று கொள்வோம். 30 செ.மீ. நீளமுள்ள பட்டி, காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால், தகடு 0.11 மி.மீ. நீளும், பட்டி தன் போக்கில் விட்டால் 0.36 மி.மீ. நீளும். இந்தக் கால் மில்லிமீட்டர் சண்டை தினமும் நடக்கிறது. பட்டி மெல்லியதாக இருந்தால் தகடு அதை அடக்கிவிடும். தடித்துப்போனால் விளிம்பில் விரிசல் விடும். இரண்டு, மூன்று மி.மீ.க்கு மேல் போகாதே என்பது இதனால்தான். பழைய பெயின்டின் மேல் பட்டி ஏறியிருந்தால் விளிம்பு இன்னும் சுலபமாகக் கிளம்பும். மாவட்ட எல்லை போலத் தெரிந்த கோடு அங்கேதான் பிறக்கிறது. அதைச் சீர்செய்ய, அந்த விளிம்பை வெறும் தகடு தெரியுமளவு சுரண்டி, மீண்டும் மெல்லச் சரிவாக்கித் தடவுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதுவரை சொன்னவை அழகு பற்றியவை. துரு விழுந்த ஓட்டையைப் பட்டியால் அடைப்பது வேறு விஷயம், அது ஆபத்து. பின்புறத்திலிருந்து ஈரம் பட்டிக்குள் ஏறும், துரு தொடரும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிப்பதால் பட்டியை நெம்பித் தள்ளும். அதைவிட முக்கியம், பட்டி வடிவத்தைத் தரும், வலிமையைத் தராது. வண்டியின் தரை, படி, கதவின் அடிச்சட்டம் போன்றவை சுமை தாங்குபவை. அங்கே கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டு வைப்பது ஒன்றே வழி. 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் பகுதியில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த விபத்தைப் பட்டியோடு நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் தேய்ந்த தகட்டை மூடி மறைப்பதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு அன்று கண்டது. பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் அதே ஆண்டில் வந்தன.

உங்கள் வீட்டில் பழைய வேனோ காரோ வாங்கப் பார்த்தால், பளபளப்பை நம்பாமல் ஒரு சிறு காந்தத்தை எடுத்துப் போங்கள். மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டால் பெயின்டில் கீறல் விழாது. கதவின் அடிப்பகுதியிலும் சக்கரத்துக்கு மேலேயும் வைத்துப் பாருங்கள். வெறும் தகட்டில் கப்பென்று பிடிக்கும். பட்டி தடித்த இடத்தில் வழுக்கி விழும். ஃபைபர், அலுமினியம் பாகங்களில் காந்தம் எப்படியும் ஒட்டாது. அவற்றைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

எவ்வளவு பட்டி இருந்தால் உங்கள் காந்தம் விழும் என்பதை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளலாம். வீட்டு இரும்பு பீரோவின்மேல் தபால் அட்டையை ஒவ்வொன்றாக அடுக்கி, அவற்றின் மேல் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். எத்தனையாவது அட்டையில் நழுவுகிறது? பத்து அட்டைகளின் தடிமனை அளவுகோலால் அளந்து பத்தால் வகுத்தால் ஓர் அட்டையின் தடிமன் கிடைக்கும். காந்தத்தில் நூலைக் கட்டி ஒரு சுருள்வில் தராசால் இழுத்தால், ஒவ்வொரு தடிமனுக்கும் அதைப் பிரிக்க வேண்டிய விசையையும் குறிக்கலாம். தடிமனை எக்ஸ் அச்சிலும் விசையை ஒய் அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். கோடு நேராக இறங்காது. முதல் சில அட்டைகளிலேயே செங்குத்தாகச் சரிந்து, பிறகு மெல்லப் படியும்.